102.5-க்கு எல்லை போட்டது யார்?

தருமபுரியிலிருந்து நேர்க்கோட்டில் அளந்தால் சென்னை ஏறத்தாழ 250 கிலோமீட்டர். திருச்சி 160. பெங்களூரு 110 சொச்சம்தான். பண்பலை வருவதற்கு முந்தைய காலத்தில் டிரான்சிஸ்டர் பெட்டியின் திருகைத் திருப்பிய தருமபுரிக்காரருக்கு இந்த மூன்று எண்களும்தான் தலையெழுத்து. சென்னை வானொலி 720 கிலோஹெர்ட்ஸில், திருச்சி 936-இல், பெங்களூரு 612-இல். பக்கத்தில் இருந்த நிலையம் கன்னடம் பேசியது. தமிழ் பேசிய இரண்டும் தூரத்தில் இருந்தன. பாலக்கோட்டுத் தக்காளி விலையோ பென்னாகரத்துக் குடிநீரோ அந்தத் தூரத்து நிலையங்களின் செய்தியில் ஏற வேண்டுமென்றால், ஏதாவது பெரிதாகக் கெட்டுப்போயிருக்க வேண்டும்.

இன்றைக்குத் தருமபுரிக்கென்றே ஆகாசவாணியின் பண்பலை நிலையம் இருக்கிறது, 102.5 மெகாஹெர்ட்ஸில். பெருநகர நிலையங்களோடு ஒப்பிட்டால் சின்ன நிலையம்தான். அதன் குரல் எதுவரை போக வேண்டும் என்பதை டெல்லியோ சென்னையோ மட்டும் தீர்மானிக்கவில்லை. பூமியின் வளைவும் சேர்வராயன் மலையும் மூன்று மீட்டர் நீளமுள்ள ஓர் அலையும் சேர்ந்து தீர்மானித்திருக்கின்றன. இது எப்படி என்று பார்க்க, முதலில் பழைய மத்திய அலைக்குப் போய்வர வேண்டும்.

திருச்சியின் 936 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 320 மீட்டர். இவ்வளவு நீண்ட அலை தரையை ஒட்டியே ஊர்ந்து போகும். வழியில் குன்று வந்தால் வளைந்து ஏறி இறங்கிவிடும். ஆனால் போகும் வழியெல்லாம் தரை அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும். எவ்வளவு குடிக்கும் என்பது மண்ணைப் பொறுத்தது. ஈரமான களிமண் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதன்மேல் அலை அதிகம் இழக்காமல் போகும். கடல்நீர் இன்னும் மேல். காய்ந்த பாறை நிலம் மோசம்: மணல் வாய்க்காலில் விட்ட தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேராததுபோல, அலை பாதியிலேயே வற்றிவிடும். திருச்சிக்குக் கிழக்கே காவிரிப் படுகை, நனைந்த வண்டல். வடமேற்கே பாராமகால் எனப்படும் தருமபுரிப் பக்கம், பாறையும் மானாவாரியும். ஒரே கோபுரத்திலிருந்து ஒரே பலத்தோடு கிளம்பினாலும் இரண்டு திசைக்கும் ஒரே நியாயம் கிடைக்காது.

1960-களில் தஞ்சாவூர்ப் பக்கம் ஏ.டி.டி. 27 என்ற புது நெல் ரகம் பரவியபோது, அதற்கு உழவர்கள் வைத்த பெயர் ‘ரேடியோ நெல்’. திருச்சி வானொலியின் வேளாண் ஒலிபரப்பைக் கேட்டுத்தான் பலர் அதை நட்டார்கள். இந்திய வானொலியின் பெருமைகளில் ஒன்றாக இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். சொல்லாமல் விடுவது, அந்த நெல்லுக்குத் தேவைப்பட்ட ஈர மண்ணேதான் அதைப் பற்றிய சேதியையும் சுமந்து போனது என்பதை. ராகியும் சாமையும் விளைந்த காய்ந்த மண், சேதியைச் சுமப்பதிலும் கொஞ்சம் கஞ்சத்தனம் காட்டியது.

இரவில் கதை வேறு. தரையிலிருந்து 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில், பகல் வெயிலால் மின்னேற்றம் பெற்ற ஒரு காற்றடுக்கு இருக்கிறது. மத்திய அலை மேலே போனால் அதை இந்த அடுக்கு பகலெல்லாம் விழுங்கிக்கொண்டிருக்கும். சூரியன் மறைந்த கொஞ்ச நேரத்தில் அது கலைந்துவிடும். அப்போது அலை இன்னும் மேலே போய், அங்குள்ள வேறு அடுக்குகளில் பட்டு வளைந்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளித் தரைக்கு இறங்கும். ராத்திரியானால் எங்கெங்கோ இருக்கும் நிலையங்கள் பெட்டிக்குள் வந்து ஏறி இறங்கிக் கூவுவது இதனால்தான். கேட்க அழகு; செய்திக்கு உதவாது. முக்கியமான வரி வரும்போதுதான் குரல் தேயும்.

பண்பலை இதையெல்லாம் மறுத்த தொழில்நுட்பம். எட்வின் ஆர்ம்ஸ்டிராங் என்ற அமெரிக்கப் பொறியாளர் அதற்கு 1933-இல் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் முதல் பண்பலை ஒலிபரப்பு சென்னையில், 1977 ஜூலை 23 அன்று. மாவட்ட அளவில் பேசும் உள்ளூர் வானொலி என்ற சோதனையும் தமிழ்நாட்டில்தான் தொடங்கியது: 1984 அக்டோபர் 30 அன்று நாகர்கோவிலில்.

102.5 மெகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்குப் பத்துக் கோடியே இருபத்தைந்து லட்சம் அதிர்வுகள். ஒளியின் வேகத்தை அதனால் வகுத்தால் அலைநீளம் 2.92 மீட்டர். இதில் கால்பங்கு 73 சென்டிமீட்டர். வீட்டில் இழுத்து நீட்டும் ஏரியல் உள்ள பெட்டி இருந்தால், முழுக்க நீட்டி ஒரு டேப்பை வைத்துப் பாருங்கள். பல பெட்டிகளில் அது இந்த அளவுக்குக் கிட்டேதான் வரும். அலையின் கால்பங்கு நீளமுள்ள கம்பி அந்த அலையோடு ஒத்திசைந்து ஆடும். அதே பெட்டியில் மத்திய அலைக்கும் 320 மீட்டரில் கால்பங்கு வேண்டுமென்றால், 80 மீட்டர் ஏரியலை நீட்ட வேண்டும்! அதனால்தான் உள்ளே விரல் நீளத்தில் ஒரு கறுப்பு ஃபெரைட் தண்டு, அதன்மேல் நெருக்கமாகச் செம்புக்கம்பி. அந்தத் தண்டு அலையின் காந்தப் பகுதியைப் பிடிக்கிறது. அதுவும் பக்கவாட்டில் வருவதை மட்டும். ‘இழுக்கலை’ என்று தாத்தாக்கள் பெட்டியை மேசையில் இப்படியும் அப்படியுமாகத் திருப்பினார்களே, அவர்கள் தேடியது இந்தக் கோணத்தை. செல்பேசியில் பண்பலை கேட்க இயர்போனைச் செருகச் சொல்வதும் அதே கணக்குத்தான். காதில் தொங்கும் வயரே ஏரியல்.

பெட்டிக்குள் நடக்கும் இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், கட்டுரைக்கு நேரடித் தொடர்பு இல்லை என்றாலும். வழக்கமான பண்பலைப் பெட்டியில் 102.5-க்குத் திருகை வைத்தால், பெட்டி தானாக 113.2 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையை உண்டாக்கிக்கொள்ளும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 10.7. உள்ளே இருக்கும் வடிகட்டிகள் எல்லாம் அந்த ஒரே எண்ணுக்காகச் செய்தவை. எந்த நிலையத்தை வைத்தாலும் வித்தியாசம் 10.7 வருமாறு பெட்டி தன் அலையை மாற்றிக்கொள்ளும். இதன் பொருள், கேட்கும் பெட்டியும் மிக மெலிதாக ஒலிபரப்பிக்கொண்டிருக்கிறது. 113.2 விழும் இடமோ விமானங்கள் வழிகண்டறியப் பயன்படுத்தும் பட்டை. விமானத்துக்குள் ரேடியோப் பெட்டியை இயக்கக் கூடாது என்ற பழைய தடை இதிலிருந்து வந்தது.

எல்லைக்கு வருவோம். மூன்று மீட்டர் அலை தரையை ஒட்டி ஊராது, சாதாரணமாக வானடுக்கில் பட்டுத் திரும்பவும் செய்யாது. ஏறக்குறைய ஒளியைப் போல நேராகப் போகும். கோபுரத்தின் உச்சிக்கும் உங்கள் ஏரியலுக்கும் நடுவே பூமி எழும்பி மறைக்கும் இடத்தோடு அதன் நல்ல வரவேற்பு முடிகிறது. கணக்கு எளிது: கோபுர உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால், எத்தனை கிலோமீட்டர் எட்டும் என்று கிடைக்கும். கண்ணுக்கு எட்டும் தொலைவுக்கு இதே கணக்கில் 3.57-ஆல் பெருக்க வேண்டும். காற்று பண்பலையைத் தரைப்பக்கம் சற்றே வளைப்பதால் இந்தச் சலுகை. 30 மீட்டர் கோபுரம் ஏறத்தாழ 23 கிலோமீட்டர் பார்க்கும். 100 மீட்டர் கோபுரம் 41. கேட்பவர் மாடியிலோ மேட்டிலோ இருந்தால் இன்னும் சில கிலோமீட்டர் கூடும். கொடைக்கானல் பண்பலை ஏன் இத்தனை மாவட்டங்களில் கேட்கிறது என்பதற்கும் விடை இதில் இருக்கிறது: 2,100 மீட்டர் மலையே அதற்குக் கோபுரம், 190 கிலோமீட்டர்வரை தடையில்லாத பார்வை. பலத்தை ஏற்றினால் தூரம் ஏறிவிடும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அடிவானத்துக்குக் கீழே இருப்பவருக்கு வாட் கணக்கு பெரிதாக உதவாது, உயரம்தான் உதவும்.

தருமபுரி மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 4,500 சதுர கிலோமீட்டர். அதை ஒரு வட்டமாகச் சுருட்டினால் ஆரம் 38 கிலோமீட்டர் வரும். 100 மீட்டர் கோபுரத்தின் 41-ஐப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு நல்ல பண்பலைக் கோபுரத்துக்கு இயற்கை கொடுத்த எல்லையும் ஒரு தமிழ்நாட்டு மாவட்டத்தின் எல்லையும் கிட்டத்தட்ட ஒன்றாக வருகின்றன. யாரும் திட்டம் போட்டுச் செய்ததல்ல. ஆனால் மாவட்டச் செய்திக்கு இதைவிடப் பொருத்தமான ஊடகம் கிடைக்காது என்று நான் நினைப்பதற்கு இந்தப் பொருத்தமே முதல் காரணம்.

வட்டம் காகிதத்தில்தான் சுத்தமாக இருக்கும். தருமபுரியில் மலைகள் குறுக்கே நிற்கின்றன: தெற்கே சேர்வராயன், நடுவில் வத்தல்மலை, கிழக்கே சித்தேரி. மலைக்குப் பின்னால் பண்பலைக்கு நிழல் விழும். நிழலின் ஓரத்தில் அலை கொஞ்சம் மடங்கி இறங்கும், ஆனால் மத்திய அலை அளவுக்கு அல்ல. ஒகேனக்கல்லில் காவிரி பாறையை அறுத்துக்கொண்டு பள்ளத்தில் ஓடுகிறது. பண்பலைக்கு மேடு எப்படி வரமோ, பள்ளம் அப்படிச் சாபம்.

தொப்பூர்க் கணவாய் மாதிரியான மலைவழியில் வண்டிக்குள் ரேடியோவை வைத்துக்கொண்டு போனால் வேறொன்றும் கவனிக்கலாம். குரல் மெல்ல மெல்லத் தேயாது. ‘ஸ்ஸ் ஸ்ஸ்’ என்று வெட்டி வெட்டி வரும். கோபுரத்திலிருந்து நேராக வரும் அலையும், பாறைச் சரிவில் பட்டுத் திரும்பி வரும் அலையும் உங்கள் ஏரியலில் சந்திக்கின்றன. சில புள்ளிகளில் இரண்டும் சேர்ந்து வலுக்கும், சிலவற்றில் ஒன்றையொன்று அழிக்கும். நேரெதிரே வரும் இரண்டு அலைகள் மோதினால், அழியும் புள்ளிகளுக்கு இடையே அரை அலைநீளம்: 1.46 மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி அப்படிப்பட்ட புள்ளிகளை நொடிக்குப் பதினோரு முறை கடக்கும். அந்த வெட்டு இதுதான். வீட்டிலும் இதே நடக்கிறது, நகராமல். கரகரக்கும் பெட்டியைத் தூக்கி ஒரு முழம் தள்ளி வைத்ததும் தெளிவாகிவிடுவது பெட்டியின் மாயம் இல்லை. அழிவுப் புள்ளியிலிருந்து வெளியே வந்துவிட்டது, அவ்வளவுதான்.

இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால், 102.5-க்குப் பக்கத்திலோ அதிலேயோ வேறொரு ஊர் நிலையம் குறுக்கிடலாம். மத்திய அலையில் ஒரே இடத்தில் இரண்டு நிலையங்கள் வந்தால் இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்கும். பண்பலைப் பெட்டி அப்படி அல்ல. எது சற்று வலுவோ அதைப் பிடித்துக்கொண்டு மற்றதை அடியோடு அமுக்கிவிடும். சாலை வளைவில் ஒருவர் வேளாண் யோசனை சொல்லிக்கொண்டிருக்க, அடுத்த வளைவில் வேறொருவர் பாட்டை அறிமுகம் செய்வார். நடுவில் கலப்படமே இருக்காது.

இதே குணம்தான் பண்பலையை இரைச்சலிலிருந்தும் காப்பாற்றுகிறது. மத்திய அலையில் குரல், அலையின் உயரத்தில் எழுதப்படுகிறது. இடி இடித்தாலும் பக்கத்துக் கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் பொறி தட்டினாலும் கெட்டுப்போவது முதலில் அந்த உயரம்தான். ‘கர்ர்’ என்று செய்திக்குள் விழும். பண்பலையில் உயரம் மாறுவதே இல்லை. மைக்கில் பேசுபவரின் குரலுக்கு ஏற்ப அதிர்வெண் மட்டும் 102.5-க்கு மேலும் கீழுமாக ஊசலாடும், அதிகபட்சம் 75 கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு. பெட்டி உயரத்தைச் சீவித் தள்ளிவிட்டு ஊசலாட்டத்தை மட்டும் படிக்கிறது. ஆழ்துளைக் கிணறுகளை நம்பி வாழும் மாவட்டத்தில், மும்முனை மின்சாரம் வந்ததும் ஊரெங்கும் மோட்டார்கள் ஒன்றாக உயிர் பெறும் நேரத்தில், இது சின்ன விஷயம் அல்ல.

குரலின் தரத்திலும் வித்தியாசம் உண்டு. இந்தியாவில் மத்திய அலை நிலையங்களுக்கு இடையே 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிதான். அதற்குள் அடங்க வேண்டியிருப்பதால் 4,500 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி பெரும்பாலும் காணாமல் போகும். ‘ஸ’, ‘ஷ’, ‘ச’ ஒலிகளின் கூர்மை இருப்பது அந்தப் பகுதியில். டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி வாசித்த சரோஜ் நாராயணசாமியின் உச்சரிப்பை இன்றும் பலர் நினைவுகூர்கிறார்கள். மங்கலான அலைவரிசையில் ஒவ்வொரு எழுத்தையும் பிசிறில்லாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருந்த காலத்தின் குரல் அது. பண்பலை 15,000 ஹெர்ட்ஸ்வரை தருகிறது. அதனால் இப்போது நேயர் தொலைபேசி நிகழ்ச்சியில் ஒரு வேடிக்கை: நிலையத்தில் இருப்பவர் நம் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருப்பார், அழைத்தவர் தகரக் குழாய்க்குள்ளிருந்து பேசுவதுபோல் இருப்பார். வழக்கமான தொலைபேசி இணைப்பு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ்வரை மட்டுமே கடத்தும். அர்த்தம் புரிய அது போதும். ஆளின் சாயலுக்குப் போதாது.

சென்னையில் வாசிக்கும் மாநிலச் செய்தி மாவட்ட நிலையத்தில் அஞ்சலாகும்போது அது வரும் வழி தெரியுமா? இடையில் 250 கிலோமீட்டர். நேராக வந்தால் ஒரு மில்லிநொடிகூட ஆகாது. ஆனால் ஆகாசவாணி தன் நிலையங்களைச் செயற்கைக்கோள் வழியாக இணைத்திருக்கிறது. குரல் முதலில் பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் மேலே போய், அதே தூரம் இறங்கி, நிலையத்தின் டிஷ்ஷில் விழுந்து, பிறகுதான் பண்பலையாகக் கிளம்பும். சென்னையிலிருந்து வரும் சேதிக்கு 72,000 கிலோமீட்டர் பயணம், கால் நொடித் தாமதம். செல்பேசிச் செயலியில் கேட்பவருக்கோ பல நொடிகள் கழித்துத்தான் அதே வரி வரும்.

மேலே இருந்து இறங்கும் செய்திக்கு இவ்வளவு ஏற்பாடு. கீழே, மாவட்டத்துக்குள் பிறக்கும் செய்திக்கு?

இங்கேதான் இயற்பியலோடு சட்டமும் சேர்ந்துகொள்கிறது. அலைவரிசை பொதுமக்களின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அதன் பிறகு தனியார் பண்பலைகள் வந்தன, 100 வாட் சமுதாய வானொலிகள் வந்தன. ஆனால் இரண்டுக்கும் சொந்தமாகச் செய்தி தயாரிக்க அனுமதி இல்லை. ஆகாசவாணியின் செய்தியை வரி மாற்றாமல் அஞ்சல் செய்யலாம், அவ்வளவே. போக்குவரத்து, வானிலை, தேர்வு முடிவு, மின்தடை, குடிநீர், பேரிடர் எச்சரிக்கை ஆகியவற்றைத் தனியார் பண்பலைக்கான விதிகள் ‘செய்தி அல்ல’ என்று வகைப்படுத்தி அனுமதிக்கின்றன. இந்த வகைப்பாட்டைப் படித்துச் சிரிக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. சின்ன ஊர்க்காரருக்கு இவைதானே செய்தி? மணிக்குப் பத்து நிமிடம் தனியார் பண்பலைகளைச் செய்தி சொல்ல விடலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமே 2023 செப்டம்பரில் பரிந்துரைத்தது. தொலைக்காட்சியில் இருபத்துநாலு மணி நேரமும் செய்தி ஓடும் நாட்டில், வானொலிக்கு மட்டும் இந்தப் பூட்டு என்ன நியாயம் என்று தெரியவில்லை.

பூட்டு இருக்கும்வரை மாவட்டத்தின் பேச்சு முழுவதும் ஆகாசவாணியின் தலையில்தான். தருமபுரியில் அந்தப் பேச்சுக்குப் பஞ்சமில்லை. கர்நாடக அணைகளில் தண்ணீர் திறந்தால் பிலிகுண்டுலுவில் அளந்து, வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி என்று சொல்வார்கள். அந்த ஒரு எண்ணை வைத்து ஒகேனக்கல்லில் பரிசல் இயக்கலாமா, அருவியில் குளிக்கலாமா என்று முடிவாகும். பரிசல் ஓட்டிக்கும் மீன் வறுக்கும் கடைக்காரருக்கும் அன்றைய வருமானம் அந்த எண்ணில் இருக்கிறது. பட்டுக்கூடு அங்காடியின் விலை, பாலக்கோட்டு மண்டியில் தக்காளிக் கூடையின் விலை, ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீரைக் குடிக்காதீர்கள் என்ற எச்சரிக்கை — இவற்றில் எதற்கும் 38 கிலோமீட்டருக்கு அப்பால் அவசரம் கிடையாது. உள்ளே இருப்பவர்களுக்கு அன்றாடம்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் இந்தப் பக்கம் வந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை, அரூரில் 33. இவ்வளவு மழையில் மின்கம்பம் சாயும். கொஞ்ச நேரத்தில் செல்பேசிக் கோபுரத்தின் பேட்டரியும் தீரும். எல்லோரும் ஒரே நேரத்தில் அழைத்தால், நிற்கும் கோபுரமும் திணறும். வானொலியில் கேட்பவர் ஒருவரானாலும் ஒரு லட்சம் பேரானாலும் கோபுரத்துக்குச் சுமை ஒன்றே. பெட்டிக்கு இரண்டு சின்ன பேட்டரிகள் போதும். நிலையத்தில் ஜெனரேட்டர் ஓடவேண்டும், பேசுவதற்கு ஆள் இருக்கவேண்டும். எந்த ஏரி உடையும் நிலையில் இருக்கிறது, எந்தத் தரைப்பாலம் முழுகிவிட்டது என்பது அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும். சென்னையில் இருப்பவருக்கு அது தெரியாது. தெரியாதது அவர் குற்றமும் இல்லை.

செலவைக் குறைக்க உள்ளூர் நேரத்தைச் சுருக்கி, தலைநகர நிகழ்ச்சியை அஞ்சல் செய்துவிடலாம் என்ற யோசனை ஆகாசவாணிக்குள் அவ்வப்போது தலைதூக்குகிறது. அப்படிச் செய்தால் 102.5-இல் மிஞ்சுவது, செயற்கைக்கோளிலிருந்து இறங்குவதைத் திரும்ப ஒலிக்கும் ஒரு கம்பம்தான். தருமபுரிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஏரியலை 73 சென்டிமீட்டருக்கு நீட்டி ஒரு வாரம் கேளுங்கள். உங்கள் ஊர்ப் பெயர் எத்தனை முறை வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். குறைவாக இருந்தால் நிலையத்துக்கு ஓர் அஞ்சலட்டை போடுங்கள். நேயர் கடிதத்தைப் படிக்கும் வழக்கம் ஆகாசவாணியில் இன்னும் இருக்கிறது.